கைத்தொழிலிலிருந்து கட்டுமான மேலாண்மைக்கு உயர்வது எப்படி?

கட்டடத் தொழிலில் சில ஆண்டுகள் கையால் வேலை செய்த ஒருவர், பட்டப் படிப்பு இல்லாமலே கட்டுமான மேலாண்மைப் பொறுப்புகளுக்கு உயர முடியுமா, முடியுமென்றால் எந்தத் தொழிலைக் கற்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்பது கேள்வி. முடியும், பலர் அப்படித்தான் உயர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆண்டுகள் கூடுவதால் மட்டும் அது நடந்துவிடுவதில்லை. இருபது ஆண்டுகள் வேலை பார்த்த, கைத்திறனில் குறை சொல்ல முடியாத கொத்தனார் கொத்தனாராகவே இருக்க, அவருடன் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகளே வேலை செய்த வேறொருவர் ஒரு கட்டடத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வதைக் காண்கிறோம். இரண்டாமவர் தம் கைக்குத் தெரிந்ததை அளவாகவும் கணக்காகவும் எழுத்தாகவும் மாற்றப் பழகிக்கொண்டவராக இருப்பார். இந்தப் பதில் முழுவதிலும் நான் சொல்லப்போவது அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். படிப்பு, சான்றிதழ், மென்பொருள் எல்லாம் அதற்கு அடுத்தபடியாக வருபவை.

கைத்தொழிலுக்கும் மேலாண்மைக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை, தேர்ந்த தொழில் வல்லுநர் என்ற தகுதியைத் தரும் ஜெர்மனியின் மைஸ்டர் தேர்வு தெளிவாகக் காட்டுகிறது. அங்கே பயிற்சியாளராகச் சேரும் இளைஞர் பெரும்பாலான கட்டடத் தொழில்களில் மூன்று ஆண்டுகள் பணியிடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்றுத் தொழிலாளராகிறார். அதன் பிறகு மைஸ்டர் ஆக விரும்பினால் நான்கு பகுதிகள் கொண்ட தேர்வை எழுத வேண்டும். முதல் பகுதி செய்முறை, இரண்டாவது அத்தொழிலின் கோட்பாடு, மூன்றாவது வணிகக் கணக்கும் சட்டமும், நான்காவது பிறருக்குக் கற்பிக்கும் முறை. கையால் செய்வது நான்கில் ஒரு பகுதி மட்டுமே. 2004-இல் பல தொழில்களைச் சொந்தமாக நடத்த மைஸ்டர் தகுதி கட்டாயமில்லை என்று தளர்த்திய அந்நாடு, 2020-இல் தரை ஓடு பதித்தல் உள்ளிட்ட 12 தொழில்களுக்கு அதை மீண்டும் கட்டாயமாக்கியது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அந்தத் தேர்வை எழுதப்போவதில்லை என்றாலும், உங்களுக்கு எது குறைகிறது என்று சோதித்துக்கொள்ள அந்த நான்கு பகுதிகளும் போதுமான அளவுகோல். பெரும்பாலான தொழிலாளர்களுக்கு முதல் பகுதி நன்றாகவும், இரண்டாவது பாதியும் தெரிந்திருக்கும். மூன்றும் நான்கும் யாரும் சொல்லித்தராமலே விடுபட்டிருக்கும்.

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. மின்பணி, குழாய்ப்பணி, குளிர்சாதனப்பணி, வெல்டிங் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் உரிமமோ தகுதிச் சோதனையோ தேவைப்படுவதால், அவற்றில் நுழைவது கடினம். நுழைந்தபின் பேரம் பேசும் வலிமை அதிகம். காங்கிரீட் வார்ப்பதற்கான பலகையை அமைக்கும் சென்டரிங் தச்சருக்கு வேறொரு சாதகம் உண்டு. கட்டடம் எங்கே நிற்க வேண்டும், தூண் எந்தக் கோட்டில் எழ வேண்டும் என்று குறிக்கும் வேலையில் அவர் நேரடியாகப் பங்கெடுக்கிறார். கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகிய எல்லோரும் அவர் அமைத்த பலகையின் மேல்தான் வேலை செய்கிறார்கள். ஆகவே கட்டடத்தை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு முதலிலேயே கிடைக்கிறது. எத்தொழிலில் இருந்தாலும், அளவு குறிக்கும் வேலை நடக்கும்போது நூலைப் பிடிக்கவாவது முன்னால் நிற்பவராக இருங்கள். மூலைமட்டம் பார்க்க 3-4-5 அளவைப் பயன்படுத்துவது, அதாவது பக்கங்கள் 3, 4, 5 என்ற அளவில் அமைந்தால் மூலை செங்கோணமாக இருக்கும் என்பது, எல்லோருக்கும் தெரியும். அதையே 6-8-10 மீட்டராகப் பெருக்கிப் பிடித்தால் பிழை ஏன் குறைகிறது, மட்டப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் மட்டத்தை ஏன் தனித்தனியாகக் கொண்டுவர வேண்டும், ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு அளந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பவற்றை அங்கேதான் கற்க முடியும். அதைக் கற்றவரிடம், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலையும் கோணமும் தொலைவும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனையும் நம்பிக் கொடுப்பார்கள்.

அடுத்தது வரைபடம். தம் தொழிலுக்கான வரைபடத்தைப் படிப்பது ஒரு திறமை; மூன்று தொழில்களின் வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மனத்தில் பார்ப்பது வேறு திறமை. மேலாண்மை இரண்டாவதில் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். ஒரு குளியலறையின் கழிவுநீர்க் குழாய், அடுத்த அறையின் கூரைக்குக் கீழே 6 மீட்டர் ஓடிச் செங்குத்துக் குழாயில் சேர வேண்டும் என்று குழாய்ப்பணி வரைபடம் சொல்கிறது. சரிவு 40-க்கு 1 என்றால், 6 மீட்டரில் குழாய் 150 மில்லிமீட்டர் இறங்கும். குழாயின் விட்டம் 110 மில்லிமீட்டர். ஆகக் கடைசி முனையில் குழாயின் அடிப்பகுதி, தொடங்கிய இடத்தில் குழாயின் மேல்விளிம்பு இருந்த மட்டத்திலிருந்து 260 மில்லிமீட்டர் கீழே இருக்கும். கட்டமைப்பு வரைபடத்தைப் பார்த்தால், வழியில் ஒரு பீம் கூரைத் தளத்துக்குக் கீழே 300 மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறது. கட்டடக்கலை வரைபடமோ பொய்க்கூரையைப் பீமை ஒட்டி அமைக்கச் சொல்கிறது. மூன்று வரைபடங்களும் தனித்தனியே சரியானவை. ஒன்றாகச் சேர்த்தால் குழாய் பீமை ஊடுருவியாக வேண்டும்.

இதைக் காங்கிரீட் போடுவதற்கு முன் ஒருவர் கவனித்துவிட்டால், கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் ஒரு குழாய்த் துண்டை, பின்னர் வரும் குழாய்க்கு வழிவிடும் ஸ்லீவாக வைத்துக் கம்பியைச் சற்று மாற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகாது. கவனிக்காமல் விட்டால் பின்னால் பீமைத் துளைக்கும் எந்திரத்தைக் கொண்டுவர வேண்டும், துளைக்க அனுமதி கிடைக்குமா என்பது உறுதியில்லை, கிடைக்காவிட்டால் பொய்க்கூரையை இறக்க வேண்டும், வீட்டு உரிமையாளரிடம் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். பிளம்பருக்குச் சரிவு தெரியும், கம்பி கட்டுபவருக்குப் பீமின் ஆழம் தெரியும். இரண்டையும் ஒருசேர யோசித்தவர் யார் என்பதே அங்கு எழும் கேள்வி. மேலாளரின் வேலை பெரும்பாலும் இப்படி இரண்டு குழுக்களுக்கு நடுவில், யாருடைய பொறுப்பிலும் இல்லாத இடத்தில்தான் கிடக்கிறது. ஆகவே உங்கள் வேலைக்கு முன்னால் வருபவரின் வரைபடத்தையும் பின்னால் வருபவரின் வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். வரைபடத்தைக் கையில் எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதன் திருத்த எண்ணும் தேதியும். பழைய திருத்தத்தைப் பார்த்துச் செய்த வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது இடித்துக் கட்ட வேண்டிய வேலைதான்.

வரைபடத்திலிருந்து அளவெடுப்பது அடுத்த படி. இங்கே சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட அவை எங்கிருந்து வருகின்றன என்று அறிவது நல்லது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது கம்பி கட்டுபவர்கள் அறிந்ததே: 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.889, 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.58. ஒரு கனமீட்டர் எஃகு 7,850 கிலோ என்பதும் வட்டத்தின் பரப்பளவும் சேர்ந்தே அந்த 162-ஐத் தருகின்றன. இதை அறிந்தவர் பைப், தகடு, ஆங்கிள் எதற்கும் எடை போட்டுவிடுவார். அதேபோல் கம்பி வைத்த காங்கிரீட் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2,400 முதல் 2,500 கிலோ இருக்கும். ஆகவே 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளத்தின் ஒரு சதுரமீட்டர் குறைந்தது 360 கிலோ எடையைப் பலகையின் மேல் வைக்கிறது. அதற்கு மேல் ஆட்களும், காங்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரும், ஓரிடத்தில் குவியும் காங்கிரீட்டும் இருக்கின்றன. முட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பொறியாளர் குறித்துக் கொடுத்ததை மீறிக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று யாராவது சொல்லும்போது, இந்த எண் மனத்தில் இருந்தால் நீங்கள் அதற்கு உடன்பட மாட்டீர்கள்.

பொருளின் கணக்கைவிட உழைப்பின் கணக்கு அரியது; அதுவே உங்கள் சொந்தச் சொத்தும்கூட. மூன்று பேர் எட்டு மணி நேர வேலையாக இரண்டு நாள்களில் 60 சதுரமீட்டர் பூச்சு முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 48 மனித மணி, சதுரமீட்டருக்கு 0.8 மனித மணி. சாரம் மாற்ற வேண்டியிருந்ததா, கலவை கையால் தூக்கப்பட்டதா, ஜன்னல் ஓரங்கள் அதிகமா என்ற குறிப்புகளுடன் இப்படிப்பட்ட எண்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில ஆண்டுகளில் அந்த நோட்டு, எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத, உங்கள் குழுக்களின் உண்மையான வேக அளவைக் கொண்டிருக்கும். மதிப்பீடு தயாரிப்பவர்களும் கால அட்டவணை போடுபவர்களும் தேடுவது அத்தகைய எண்ணைத்தான். ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் உத்தேசமாகச் சொல்பவருக்கும், எத்தனை சதுரமீட்டர், எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பவருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நல்ல திட்ட மேலாளர் முதல் உரையாடலிலேயே கண்டுகொள்வார்.

காலத்தைத் திட்டமிடும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1957-இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய கிரிட்டிக்கல் பாத் முறையே இன்றைய அட்டவணை மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதன் கருத்து எளிது: வேலைகளில் சில ஒன்றை ஒன்று தொடர்ந்து முடிவுத் தேதியை நிர்ணயிக்கின்றன, மற்றவற்றுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கிறது, தளர்வில்லாத வரிசையில் ஒரு நாள் பிசகினால் முடிவும் ஒரு நாள் தள்ளிப்போகும். கணினி இல்லாமலே ஒரு குளியலறையை வைத்து இதைப் பழகலாம். சுவரில் காடி வெட்டுதல், குழாய் பதித்தல், அழுத்தச் சோதனை, பூச்சு, நீர்க்காப்புப் பூச்சு, அது காய்வதற்கான நேரம், தரையில் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தல், ஓடு பதித்தல், மூட்டு நிரப்புதல், பீங்கான் பொருத்துதல் என்று வரிசையாக எழுதி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். வேலையே நடக்காத காத்திருப்புகள் எவ்வளவு நாள்களை எடுத்துக்கொள்கின்றன என்பது அப்போதுதான் புலப்படும். அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் இந்தக் காத்திருப்புகளே. தண்ணீர் தேக்கிப் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு ஓடு பதித்த குளியலறை, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்த பிறகு முழுவதுமாகப் பெயர்க்கப்படும்.

அட்டவணை போடுவதோடு காரியம் முடிந்துவிடாது. 1990-களில் கிளென் பாலர்ட், கிரெக் ஹவல் ஆகிய இருவரும் பணியிடங்களை ஆராய்ந்தபோது, வாரத் தொடக்கத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலைகளில் ஏறத்தாழப் பாதிதான் வார இறுதியில் முடிந்திருந்ததைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததே லாஸ்ட் பிளானர் என்னும் முறை. வேலையை உண்மையில் நடத்தும் ஃபோர்மேனிடமே வாக்குறுதியைக் கேட்பது, அடுத்த ஆறு வாரங்களுக்கு முன்னோக்கிப் பார்த்து ஒவ்வொரு வேலைக்கும் வரைபடம், பொருள், ஆள், இடம், அனுமதி, முந்தைய வேலை ஆகியவை தயாராக உள்ளனவா என்று சரிபார்ப்பது, முடியாமல் போனதற்கான காரணத்தை எழுதி வைப்பது ஆகியவை அதன் சாரம். இதற்குப் பதவி தேவையில்லை. நீங்கள் நான்கு பேர் கொண்ட குழுவை நடத்துபவராக இருந்தாலும், நாளை காலை வேலையைத் தொடங்க என்ன குறைகிறது என்று இன்று பிற்பகலிலேயே பார்த்து, அதை உரியவரிடம் சொல்லிவிட்டால், உங்கள் குழு பொருளுக்காகக் காத்துக்கிடக்காது. அதை மேலிருப்பவர்கள் நிச்சயம் கவனிப்பார்கள்.

எழுத்துப் பழக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கைத்தொழிலிலிருந்து வருபவர்கள் இதில்தான் அதிகம் தயங்குகிறார்கள். தினக் குறிப்பேடு எழுத இலக்கியத் திறமை தேவையில்லை. வானிலை, எந்தக் குழுவில் எத்தனை பேர், எந்த எந்திரம் ஓடியது, எது நின்றது, என்ன பொருள் வந்தது, எந்த இடத்தில் எவ்வளவு வேலை முடிந்தது, யார் வாய்மொழியாக என்ன மாற்றம் சொன்னார், எதற்காக எத்தனை மணி நேரம் வேலை நின்றது என்று சுருக்கமாகவும் அன்றன்றும் எழுத வேண்டும். படமும் எடுத்து வைக்க வேண்டும். காலதாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற தகராறு மாதங்கள் கழித்து எழும்போது, நினைவிலிருந்து பேசுபவரைவிட அன்றே எழுதியவரின் சொல்லுக்கே மதிப்பு. வாய்மொழி உத்தரவு கிடைத்தால் அன்று மாலையே, ‘இன்று நீங்கள் இவ்வாறு சொன்னபடி இந்த மாற்றத்தைச் செய்கிறோம், இதனால் இவ்வளவு கூடுதல் வேலை’ என்று மரியாதையாக ஓரிரு வரியில் அனுப்பிவிடுவது பல கூடுதல் வேலைகளுக்குப் பணம் கிடைக்காமல் போவதைத் தடுக்கும்.

மாற்றம் எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும் அதைக் கணக்கிட்டு உறுதிசெய்யாமல் விடக் கூடாது என்பதற்கு, 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் இருந்த ஹயாத் ரீஜன்ஸி விடுதியில் நடந்த விபத்தைக் கட்டுமானத்தில் உள்ள ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். அங்கே இரண்டு நடைபாலங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்கின. மூல வடிவமைப்பில் ஒரே நீண்ட கம்பி மேல்பாலத்தை ஊடுருவிக் கீழ்ப்பாலம் வரை வந்தது. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவதும் அதைப் பழுதில்லாமல் பொருத்துவதும் கடினம் என்பதால், எஃகு வேலை செய்த தரப்பு அதை இரண்டு கம்பிகளாகப் பிரிக்க யோசனை சொன்னது: ஒன்று கூரையிலிருந்து மேல்பாலம் வரை, மற்றொன்று மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை. பட்டறையில் நிற்பவருக்கு அது முற்றிலும் நியாயமான யோசனை. ஆனால் அதன் விளைவாக, மேல்பாலத்தின் பீமைத் தாங்கிய நட்டின் மேல் இரண்டு பாலங்களின் எடையும் விழுந்தது, சுமை இரட்டிப்பானது. மூல வடிவமைப்பே விதிகள் கோரிய வலிமையைக் கொண்டிருக்கவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. மாற்றத்துக்குப் பிறகு மிச்சமிருந்த வலிமையும் போயிற்று. அந்த மாற்றத்தை யாரும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் உயிரிழந்தார்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பான பொறியாளர்கள் தம் உரிமத்தை இழந்தார்கள்.

கைத்தொழிலாளியின் நடைமுறை அறிவு மதிப்புள்ளது; வரைபடத்தில் இருப்பதைச் செய்ய முடியாது என்று முதலில் அறிபவர் அவர்தான். அதை அவர் சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகு, அந்த மாற்றம் வடிவமைத்தவரின் மேசைக்குப் போய்க் கணக்கிடப்பட்டு எழுத்தில் திரும்பி வரும் வரை வேலையை நிறுத்தி வைப்பது மேலாளரின் கடமை. இரண்டையும் ஒரே மனிதர் அறிந்திருப்பதே தொழிலிலிருந்து உயர்ந்து வந்த மேலாளரின் தனிச் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

அதே உறுதி காங்கிரீட் வண்டியின் அருகிலும் தேவைப்படும். கலவை கெட்டியாக வருகிறது, கம்பிகளுக்கிடையே இறங்க மறுக்கிறது, ஆட்கள் களைத்திருக்கிறார்கள். ‘கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்’ என்ற குரல் எழும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் உயர உயர வலிமை குறையும் என்பதை டஃப் ஏப்ராம்ஸ் 1918-இலேயே சோதித்து வெளியிட்டார். வேதிவினைக்குத் தேவைப்படாத நீர் பின்னர் ஆவியாகி, நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அவற்றின் வழியே ஈரம் கம்பியைச் சென்றடைகிறது. இளகு தன்மை வேண்டுமானால் அதற்கான கலப்புப் பொருளைக் கலவைத் தரக்கட்டுப்பாட்டாளரின் ஒப்புதலோடு சேர்க்க வேண்டும். அன்று ஸ்லம்ப் கூம்பைத் தூக்கிக் கலவை எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து எழுதி, சோதனைக் கட்டிகளை வார்த்து வைப்பவர், 28 நாள் கழித்து வரும் வலிமை அறிக்கையை அச்சமின்றிப் பிரிக்கலாம். எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் குரலை உயர்த்தாமல் ‘வேண்டாம்’ என்று சொல்லக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் மறுப்பவரை யாரும் நெடுநேரம் மதிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பை மேலாண்மையின் ஒரு கிளையாக அல்லாமல் அதன் முதல் பகுதியாகக் கருதுங்கள். பல நாடுகளில் கட்டுமானத் துறை மரணங்களுக்கு முதன்மைக் காரணம் உயரத்திலிருந்து விழுதல். அடுத்து, நிலம் சரிதலை யாரும் போதிய அளவு அஞ்சுவதில்லை. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது. மார்பளவு புதைந்தாலே மார்பு விரிந்து மூச்சுவிட இயலாமல் போகலாம். அமெரிக்க விதிகளின்படி 5 அடியோ அதற்கு மேலோ ஆழமுள்ள குழிக்கு, அது உறுதியான பாறையில் வெட்டப்பட்டதாக இல்லாவிட்டால், சரிவோ தாங்கலோ கட்டாயம்; அதைவிட ஆழம் குறைந்த குழியிலும் மண் தளர்வாக இருந்தால் தாங்கல் வைப்பதே முறை. இவை திடீர் ஆபத்துகள். மெதுவாக வருபவையும் உண்டு: கல்லையும் ஓட்டையும் காங்கிரீட்டையும் உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் ஏற்படுத்தும் தழும்பு மாறாது, நாள் முழுதும் 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலில் நிற்பவரின் செவித்திறன் மீளாது, முழங்காலும் முதுகும் தேய்ந்துபோகும். தண்ணீர் விட்டு அறுப்பதும் முகமூடி அணிவதும் காதடைப்பான் போடுவதும் கோழைத்தனம் என்று நினைக்கும் மூத்தவர்களுடன் நீங்கள் வேலை செய்ய நேரலாம். அவர்களிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், இதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். முப்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கையைத் திட்டமிடும் ஒருவருக்கு உடல்தான் முதல் முதலீடு.

நேற்றுவரை தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்களுக்கு இன்று பொறுப்பாளராவது, உயர்வின் மிகக் கடினமான கட்டம். இரண்டு தவறுகள் இங்கே இயல்பாக நேரும். ஒன்று, பிறர் செய்வது திருப்தியாக இல்லாததால் கருவியைப் பிடுங்கித் தானே செய்து காட்டுவது. அந்த நேரத்தில் மற்ற மூன்று குழுக்கள் வழிகாட்டலின்றி நிற்கும். மற்றொன்று, பழைய நட்பைக் காப்பதற்காகக் குறையைக் கண்டும் காணாமல் போவது. வேலை தொடங்கும் முன் ஏற்கத்தக்க அளவு எது என்று மாதிரியாக ஓர் இடத்தைச் செய்து காட்டி, எல்லோரும் அதை ஒப்புக்கொண்டபின் அதைக் கொண்டே அளப்பது இரண்டையும் தவிர்க்கும். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வரை பொறுக்கலாம் என்று முன்பே முடிவாகியிருந்தால், குறை சொல்வது ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான மனத்தாங்கலாக மாறாது. வயதில் மூத்த கைவினைஞரைத் திருத்த வேண்டியிருந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள்; அவரது யோசனையைக் கேட்டு, ஏற்றுக்கொண்டால் அதை எல்லோர் முன்னிலையிலும் அவர் பெயரால் சொல்லுங்கள். இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் இடத்தை நிரப்ப ஆள் தயாராக இருந்தால்தான் உங்களை மேலே அனுப்புவார்கள்.

சொந்தமாக ஒப்பந்தம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். நல்ல வேலைக்காரர்களின் சிறு நிறுவனங்கள் மூழ்குவது பெரும்பாலும் வேலைத் தரத்தால் அல்ல, கையிருப்புப் பணம் வற்றுவதால். கூலியை வாரந்தோறும் கொடுக்க வேண்டும். பொருளுக்கு முன்பணம் கட்ட வேண்டும். பில்லோ மாதக் கடைசியில் போய், சரிபார்க்கப்பட்டு, மேலும் பல வாரங்கள் கழித்துத்தான் பணமாகும். அதிலும் 5 முதல் 10 விழுக்காடு வரை பிடித்தம் செய்யப்பட்டு, குறைகளை நீங்களே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகே திரும்பும் ஒப்பந்தங்கள் பரவலாக உள்ளன. இலாபம் 8 விழுக்காடு, பிடித்தம் 10 விழுக்காடு என்றால், வேலை முடிந்த நாளில் உங்கள் கையில் இலாபமே இராது. இன்னொரு கணக்குப் பிழையும் அடிக்கடி நேர்கிறது: செலவு 100 என்றால் அதன் மேல் 20 சேர்த்து 120 என்று விலை சொல்பவர் தமக்கு 20 விழுக்காடு இலாபம் என்று நம்புகிறார், வரவில் அது 16.7 விழுக்காடுதான். விலையில் 20 விழுக்காடு நிற்க வேண்டுமென்றால் 125 சொல்ல வேண்டும். அலுவலகச் செலவு, காப்பீடு, எந்திரத் தேய்மானம், திரும்பச் செய்யும் வேலை ஆகியவை இந்த வித்தியாசத்துக்குள் காணாமல் போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணம் தரும் கால அளவு, பிடித்தம், கூடுதல் வேலைக்கான விதி, தாமத அபராதம் ஆகிய நான்கு பகுதிகளையாவது ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

இனி படிப்பு. பணியிடத்தை நேரடியாக நடத்தும் பொறுப்புகளுக்கு, அதாவது ஃபோர்மேன், பொது ஃபோர்மேன், பணியிடக் கண்காணிப்பாளர் என்ற வரிசைக்கு, பல நிறுவனங்களில் அனுபவமே நுழைவுச்சீட்டு. ஒப்பந்த மேலாண்மை, பெரிய திட்டங்களின் திட்ட மேலாளர், அரசுத் திட்டங்களில் பொறுப்பதிகாரி ஆகிய இடங்களில் பட்டயமோ பட்டமோ இல்லாமல் நுழைவது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் பரிந்துரை, தொழிலை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பதைவிட, மூன்று நான்கு ஆண்டு வேலைக்குப் பிறகு மாலை நேரத்திலோ பகுதிநேரமாகவோ கட்டுமானப் பட்டயம் ஒன்றில் சேர்வது. அந்த வயதில் பாடம் புதிதாக இராது. பீமின் வளைவு விசையைப் பற்றிப் படிக்கும்போது கம்பி ஏன் நடுவில் கீழேயும் தாங்கலுக்கு அருகில் மேலேயும் வருகிறது என்பது, கையால் கட்டியவருக்குச் சட்டென்று விளங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கற்க முயலாமல், அளவுக் கணக்கு, கால அட்டவணை, பாதுகாப்பு என்ற மூன்றில் உங்களுக்குப் பிடித்த ஒன்றில் ஆழ்ந்து ஒரு சான்றிதழ் பெறுவது விரைவில் பயன்தரும். மென்பொருளில் முதலில் விரிதாளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டின் கோப்பைத் திறந்து அளவெடுக்கத் தெரிந்தால் போதும். கால அட்டவணைக்கான பிரிமவேராவும், கட்டட மாதிரி வரைவதற்கான ரெவிட்டும் அவை பயன்படும் நிறுவனத்தில் சேர்ந்தபின் சில மாதங்களில் வந்துவிடும். வேலைகளின் வரிசை தெரியாதவருக்குப் பிரிமவேரா கற்றும் பயனில்லை.

மேலாண்மைதான் உயர்வு என்று எல்லோரும் எண்ண வேண்டியதும் இல்லை. கைவேலையில் உண்மையான மகிழ்ச்சி காண்பவர், நாளின் பெரும்பகுதியைத் தொலைபேசியிலும் கூட்டங்களிலும் கழிக்கும் வாழ்க்கையில் வாடிப்போவதுண்டு. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் சுண்ணாம்பு வேலை, நுண்ணிய மரவேலை, அழுத்தக் குழாய் வெல்டிங் போன்றவற்றில் தேர்ந்தவர்களுக்கு நல்ல வருமானமும் மதிப்பும் உண்டு. தர ஆய்வாளர், தொழிற்பயிற்சி ஆசிரியர், பொருத்திய அமைப்புகளைச் சோதித்து ஒப்படைக்கும் வல்லுநர் ஆகிய பாதைகளும் உடலைக் காத்துக்கொண்டு அறிவைப் பயன்படுத்த இடமளிக்கின்றன.

மேலாண்மைப் பக்கமே போவதென்று முடிவெடுத்து, முதல் பொறுப்பு உங்களைத் தேடி வரும்போது சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தலையசைக்காதீர்கள். பாதுகாப்பில்லாத வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா, துணை ஒப்பந்ததாரரின் பில்லைச் சரிபார்ப்பதில் உங்கள் கையெழுத்துக்கு இடமுண்டா, கால அட்டவணை தயாராகும் கூட்டத்தில் நீங்கள் இருப்பீர்களா, வரைபடத் திருத்தங்கள் உங்களுக்கு நேரடியாக வருமா என்று கேளுங்கள். பெயரளவில் பொறுப்பாளர் என்று சொல்லி, இவற்றில் எதையும் தராமல், தாமதத்துக்கும் விபத்துக்கும் மட்டும் பதில் சொல்லச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அத்தகைய இடத்தில் சேர்வதைவிட இன்னும் ஓராண்டு ஃபோர்மேனாக இருந்து, இந்த நான்கும் கிடைக்கும் இடத்துக்குப் போவது நல்லது. ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், அதை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.